கண் தெரியாத குட்டிக்கு வீடு தேடிய கதை

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் எர்ணாவூரைச் சேர்ந்த குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



போன கூட்டத்தில் வங்கிக் கடன் பற்றிப் பேசச் சொன்னார்கள், பேசினேன். இந்தத் தடவை தலைவி அக்கா, "அந்த நாய்க்குட்டி விஷயத்தைச் சொல்லும்மா, நிறையப் பேர் கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டார். நாய்க்குட்டிக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசையில் யாரோ கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். குழுவில் கற்றுக்கொண்ட பாடத்தை மறந்ததால் நான் செய்த தப்பும் இதில் இருக்கிறது.

வெளியூர் சகோதரிகளுக்காக எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. எர்ணாவூர் வடசென்னையில், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கால்வாய். நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். ராத்திரி, பகல் என்று கணக்கே இல்லை. 2004 சுனாமியில் வீடு போன குடும்பங்களுக்கு இங்கே மாடி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் சுனாமி குடியிருப்பு என்றுதான் சொல்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பாத்திரம், துணி, தெருநாய் எல்லாம் ஒரே கறுப்பு. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

போன வருஷம் ஐப்பசி அடைமழை. ரோட்டோரம் நிறுத்தி வைத்திருந்த ஒரு டிரெய்லருக்கு அடியில் நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. தாய் நாய் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. நான்கு குட்டியில் இரண்டு மழையிலேயே போய்விட்டன. ஆண் குட்டி ஒன்றை டீக்கடைப் பையன் எடுத்துக்கொண்டான். மிச்சம் ஒன்று. கண் இரண்டும் சீழ் பிடித்து ஒட்டிக் கிடந்தது. "அது பொட்டக்கா, கண்ணும் பொட்ட, யாரு எடுப்பா?" என்றான் அந்தப் பையன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நம்ம பேச்சில் பெண்ணுக்கும் பொட்டை, கண் இல்லாததற்கும் பொட்டை, இரண்டுக்கும் ஒரே வார்த்தை. அதைக் கேட்ட கோபத்தில்தான் குட்டியை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தேன். இரக்கத்தில் எடுத்தேன் என்று சொன்னால் அது பொய்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். தாய்ப்பால் விடு, நந்தியாவட்டைச் சாறு விடு, டீத்தண்ணியில் கழுவு. பக்கத்து வீட்டுப் பாட்டி தனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது வாங்கிய சொட்டு மருந்து பாட்டிலையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எதையும் விடவில்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து மேலே மட்டும் துடைத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். 1903-ல் ஆரம்பித்த கல்லூரி அது. மாடு, ஆடு, கிளி, பூனை எல்லாம் வரிசையில் நம்மைப் போலவே சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கும்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகச் சொன்னார். நாய்க்குட்டிக்குப் பிறந்து 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். அதற்குள் இமைக்கு உள்ளே கிருமி போனால் சீழ் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கட்டி, கருவிழியை அரித்துவிடும். மூடிய கண் புடைத்துத் தெரிந்த அன்றைக்கே கொண்டுவந்தால் நிறையக் குட்டிகளுக்குப் பார்வையைக் காப்பாற்றலாம். இந்தக் குட்டிக்கு இடது கண் அப்படிப் போய்விட்டது. வலது கண் பிறவியிலேயே சுருங்கியது. பாட்டியின் சொட்டு மருந்தைப் பற்றியும் கேட்டேன். "நல்லவேளை விடலை. மனுஷங்களுக்குக் குடுக்கிற சில சொட்டு மருந்துல ஸ்டீராய்டு இருக்கும். கருவிழியில புண்ணு இருந்தா அது இன்னும் பெருசாயிடும்" என்றார். உங்கள் வீட்டு ஆடு மாட்டுக்கும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அழுதுவிட்டேன். அவர் சிரித்தார். "நாய்க்கு மூக்கு முதல்ல, காது ரெண்டாவது, கண்ணு மூணாவதும்மா. மூணாவது போனதுக்கா அழறீங்க?" மனுஷர் மூக்கில் வாசனை அறிகிற அணுக்கள் சுமார் 50 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல் இருக்குமாம். சொல்லிவிட்டு ஒரு வார்த்தை சேர்த்தார். "இதைப் பாவப்பட்டு எடுக்கிறவங்ககிட்ட குடுக்காதீங்க. பொருளை எடுத்த இடத்துல வைக்கிற வீடாப் பாத்துக் குடுங்க." அந்த வார்த்தை எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்குவதற்குக் குட்டிதான் கஷ்டப்பட்டது.

நானே ஏன் வளர்க்கவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் வீடு சாலையிலிருந்து பத்தடி. கதவைத் திறந்தால் லாரி. வாரத்தில் நான்கு நாள் குழு வேலையாக வெளியே சுற்றுகிறேன். தெருவிலேயே விட்டு எல்லோருமாகச் சோறு போடலாம் என்றால், கண் தெரிகிற தாயையே லாரி அடித்துவிட்டது. காப்பகம் ஒன்றையும் யோசித்தேன். சென்னையில் புளூ கிராஸ் 1959-லிருந்து இருக்கிறது. கேப்டன் சுந்தரம் என்கிற விமானி மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்ததில் ஆரம்பித்தது. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானிதான். 1951-ல் கணவரோடு இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டி வந்தவர். ஒரு காலத்தில் தெருநாயைப் பிடித்துக் கொல்வதுதான் நம்ம மாநகராட்சியின் வழக்கம். அதை விட்டு 1996-ல் கருத்தடைக்கு மாறியதற்கு இவர்கள் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம். ஆனால் தடுப்பூசி போடாத சின்னக் குட்டியை நிறைய நாய்கள் இருக்கிற இடத்தில் விட்டால் பார்வோ, டிஸ்டம்பர் மாதிரி தொற்று சுலபமாக வந்துவிடும். அங்கே அடிபட்டதும் நோய்ப்பட்டதும் தினமும் வந்து சேரும். ஒரு வீடு கிடைத்தால் அதுதான் நல்லது என்று முடிவு செய்தேன்.

அதுவரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு கூடை. பசும்பால் கொடுத்தால் பேதியாகும் என்று டாக்டரம்மா சொன்னதால், பல் முளைத்ததும் குழைந்த சோற்றில் அவித்த முட்டை. மிச்சக் குழம்பு ஊற்றக் கூடாது. வெங்காயம் நாய்க்கு விஷம். இது எனக்கு இந்த வயசில்தான் தெரிந்தது, எத்தனை நாய்க்கு ஊற்றியிருக்கிறேனோ! டீக்கடைப் பையன் தினம் ஒரு பொறை கொண்டுவந்து கொடுப்பான். குற்ற உணர்ச்சி போல.

மார்கழியில் ஒரு பெரிய இடம் வந்தது. தெரிந்தவர் மூலமாக. காம்பவுண்டு வீடு, கார், இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டம்மா குட்டியைப் பார்த்ததும் கண் கலங்கினார். "நாங்க ராணி மாதிரி வச்சிக்கறோம்" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். காரில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

சகோதரிகளே, 10,000 ரூபாய் உள்கடன் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? வீட்டுக்குப் போகிறோம், என்ன தொழில், எத்தனை பேர், போன கடன் எப்படிக் கட்டினார் என்று கேட்கிறோம். அழுதார் என்பதற்காகக் கையெழுத்துப் போடுகிறோமா? இந்த உயிருக்கு நான் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்துப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. போனேன். அந்த வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்திருக்கிறது. நாற்காலி, பந்தல், விருந்தாளி. முதல் மூன்று நாளில் குட்டி ஹாலை மோப்பம் பிடித்துக் கற்றுக்கொண்டிருந்ததாம். நான்காம் நாள் எல்லாப் பொருளும் இடம் மாறிவிட்டது. எங்கே போனாலும் முட்டிக்கொள்ள, பயத்தில் கண்ட இடத்தில் ஒன்றுக்குப் போயிருக்கிறது. தூங்கும்போது ஒரு குழந்தை சத்தம் இல்லாமல் தூக்க, திடுக்கிட்டுக் கவ்வியிருக்கிறது. அதனால் மொட்டை மாடியில் கட்டினார்கள். கயிறு தண்ணீர்க் குழாயில் சுற்றிக்கொண்டு, நெற்றியில் காயத்தோடு இருந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்த வீட்டம்மா அப்போதும் அழுதார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம்.

திரும்பி வந்த குட்டி கூடையை விட்டு வெளியே வரவில்லை. அந்த வாரமே பக்கத்து வீட்டுப் பையன் தொடப் போக, பல் பட்டுவிட்டது. லேசான கீறல்தான். ஆனால் தடுப்பூசி போடாத குட்டி, தெருவில் பிறந்தது. சின்னக் குட்டிதானே என்று விடக் கூடாது, குட்டிக்கும் வெறிநோய் வரலாம். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டோம். முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாள், நான்கு தடவையும் நானே கூட்டிப்போனேன். பையனுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவன் அம்மா எங்கள் குழு உறுப்பினர். வாரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "உன் இரக்கத்துக்கு எம்புள்ள ஊசி வாங்கணுமாக்கா?"

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குக் கூட்டத்தில் பெரிய சண்டை. கடற்கரையில் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். வளர்க்கிற பிராணியைக் கொண்டுபோய்த் தெருவில் விடுவது 1960 பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று எங்கள் செயலாளர் சொன்னார். குழுப் பணத்தில் ஊசி போடலாமா என்று இன்னொருவர் கேட்டதற்குப் பொருளாளர் ஒரே வார்த்தையில் முடியாது என்றார். அது சரிதான். சேமிப்புப் பணம் சேமிப்புப் பணம்தான், நாய்க்கும் கிடையாது, ஊக்குநருக்கும் கிடையாது. கைக்காசாக ஆளுக்குப் பத்து இருபது என்று போட்டோம். கேள்வி கேட்ட அந்த அம்மாவும் 20 ரூபாய் வைத்தார். பேசாமல் வைத்தார்.

அதற்கப்புறம்தான் ஒழுங்காக வீடு பார்க்க ஆரம்பித்தேன். ஒரு தம்பி, கண் இல்லாத குட்டி என்றதும் செல்போனில் படம் எடுத்துப் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்றான். வாசலோடு அனுப்பினேன்.

பொன்னேரி பக்கம் என் நாத்தனார் வீடு. தோட்டம், மரம், லாரி சத்தமே இல்லாத இடம். "அண்ணி, இங்க விட்டுடுங்க, அதுபாட்டுக்கு ஓடட்டும்" என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் தரையோடு தரையாகக் கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லை. வேண்டாம் என்று சொன்னேன். "எம்புள்ளைங்க வளந்த வீடு, உங்க நாய்க்கு ஆகலையா?" என்று கேட்டார். பொங்கல் சீர் கொண்டுபோனபோதுகூட முகம் கொடுக்கவில்லை. இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை. கிணற்றுக்கும் இன்னும் சுவர் வரவில்லை. பேத்தி தவழ ஆரம்பித்திருக்கிறாள், அவளுக்காகவாவது கட்டுங்கள் என்று போனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசியில் கிடைத்த வீடு சுனாமி குடியிருப்பில், முதல் மாடியில், ஒரே ரூம். ஜாக்கெட் தைக்கிற அக்கா ஒருவர், அவர் மாமியார், அவ்வளவுதான். வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். நான் அந்த வீட்டைக் கணக்கிலேயே வைக்கவில்லை. சின்ன இடம், மாடிப்படி வேறு. என் ஜாக்கெட்டை வாங்கப் போனபோது எதேச்சையாகப் பார்த்தேன். இடம் இல்லாத வீடு என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடம்தான். மிஷின் ஜன்னலோரம், கட்டில் சுவரோரம், குடம் மூலையில். நகர்த்தினால் நடக்க வழியில்லை, அதனால் யாரும் நகர்த்துவதும் இல்லை. டாக்டரம்மா சொன்ன வார்த்தை அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. கீழ்வீடாக இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2023 வெள்ளத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாம் மேலே ஓடி வந்து தங்கியதே அந்த வராந்தாவில்தான். கண் தெரியாத ஜீவன் தண்ணீர் ஏறினால் எந்தப் பக்கம் ஓடும்?

அந்த அக்கா குட்டியைக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். அவர் அழவும் இல்லை, அய்யோ பாவம் என்று சொல்லவும் இல்லை. "எவ்ளோ தின்னும்? ஊசிக்கு எவ்ளோ ஆகும்? ராத்திரி கத்துமா? நூலு கீலு முழுங்கிச்சின்னா இன்னா பண்றது?" என்று வரிசையாகக் கேட்டார். அத்தனையும் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மாமியார்தான் கண் இல்லாத நாய் வீட்டுக்கு ஆகாது என்றார். 15 நாள் பார்ப்போம், சரிப்படாவிட்டால் எந்த நேரத்திலும் என்னிடமே கொடுத்துவிடலாம், ஏன் என்று கேட்க மாட்டேன், தெருவில் மட்டும் விடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நானும் போட்டேன்.

முதல் நாள் முழுக்கக் குட்டி மிஷினுக்கு அடியிலேயே இருந்தது. தூக்கித் தூக்கி வைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன், தூக்கினால் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாமல் போய்விடும். சோற்றுத் தட்டும் தண்ணீரும் ஒரே இடத்தில். வாசலுக்கு முன் ஒரு கோணிச் சாக்கு, கால் அதில் பட்டால் வாசல் வந்துவிட்டது என்று அர்த்தம். வாசலில் குறுக்கே ஒரு பலகை, படியில் உருளாமல் இருக்க. நூல்கண்டு, பாபின், ஊசி எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குப் போயின. தொடுவதற்கு முன்னால் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பேர் அந்த அக்கா வைத்ததுதான், பட்டன்.

நான் எதிர்பார்க்காதது மிஷின் சத்தம். கடகட என்று ஓடுகிறவரைக்கும் அக்கா எங்கே என்று அதற்குத் தெரியும். வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். ஐந்தாம் நாள் மிஷின் நின்றதும் எழுந்து, நேராக அடுப்பு மேடைப் பக்கம் போய் அக்காவின் கால் அருகில் உட்கார்ந்ததாம். முட்டவே இல்லை.

மாமியார் இன்றைக்கும் அதைத் தொடுவதில்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்துகொண்டு, குட்டி பலகை கிட்டே போனால் "ஏ, படி!" என்று கத்துவார். கத்திக் கத்தி அதற்கு அந்த வார்த்தை புரிந்துவிட்டது. கீழே கூட்டிப் போகும்போது "படி" என்றால் நின்று, முன்காலால் துழாவி இறங்குகிறது. இதை யாரும் திட்டம் போட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பதினைந்தாம் நாள் தாளை எடுத்துக்கொண்டு போனேன். "இன்னாக்கா, பட்டனை இட்டுனு போக வந்தியா?" என்று அந்த அக்கா எழுந்து வாசலில் நின்றுகொண்டார். தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டது, இனி டாக்டர் சொல்கிற தேதியில் வருஷா வருஷம் போட வேண்டும். மாநகராட்சியில் லைசென்ஸும் எடுத்தாகிவிட்டது. ஊசி வாங்கிய பையன் வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். வாசலில் நின்று "பட்டன்" என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் உள்ளே போகிறான். அவன் அம்மா மட்டும் இன்னும் கீழேயே நிற்கிறார்.

இப்போது பட்டனுக்கு எட்டு மாதம். அடுத்த மாதம் வேப்பேரியில் கருத்தடை ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரம் ஆடித் தள்ளுபடித் துணியெல்லாம் வந்து அக்காவுக்குத் தையல் வேலை நெருக்கும், அதனால் நான்தான் கூட்டிப் போகிறேன். மயக்கம் தெளிந்து எழும்போது புது இடத்தில் பயந்து கத்தும் என்றார் டாக்டரம்மா. பழக்கப்பட்ட சத்தம் ஏதாவது பக்கத்தில் இருந்தால் நல்லதாம். மிஷினையா தூக்கிக்கொண்டு போக முடியும்? அக்கா மிஷின் ஓட்டுகிற சத்தத்தை என் செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், நடுவில் மாமியார் "ஏ, படி!" என்று கத்துவதும் சேர்ந்தே விழுந்துவிட்டது. குட்டியைத் தூக்க, இறக்க இன்னொரு ஆள் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், ஆட்டோ காசு நான் கொடுக்கிறேன். வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.